அதே துடைப்பம்: சிங்கப்பூர்ப் பள்ளிகளின் தினசரித் துப்புரவு பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

2017 ஜனவரியில் பள்ளிகள் திறந்தபோது சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி முதல் தொடக்கக்கல்லூரி (ஜூனியர் காலேஜ்) வரை எல்லா இடத்திலும் ஒரு வேலை அன்றாட வழக்கமானது. மாணவர்கள் தினமும் சில நிமிடம் தங்கள் வகுப்பறையை, நடைவழியை, கேன்டீனைத் தாங்களே கூட்டித் துடைக்க வேண்டும். கழிவறைக்கு மட்டும் விலக்கு. முந்திய டிசம்பரில் கல்வி அமைச்சு இதை அறிவித்தபோது பெரிய பரபரப்பு ஒன்றும் எழவில்லை. சில பள்ளிகள் ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததுதான். அமைச்சு அதை எல்லாருக்கும் பொதுவாக்கியது, அவ்வளவே.

வெளியூரிலிருந்து பார்ப்பவருக்கு இது வேடிக்கையாக இருக்கும். சாங்கி விமான நிலையத்திலிருந்து டாக்சியில் வரும்போதே "தரையில சோறு போட்டுச் சாப்பிடலாம் போலிருக்கே" என்று வியக்கும் உறவினர் எங்கள் எல்லார் வீட்டிலும் உண்டு. அப்படிப்பட்ட ஊர் எதற்காக ஏழு வயதுப் பிள்ளையின் கையில் துடைப்பத்தைக் கொடுக்கிறது?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குப்பை போடாதே என்று பிள்ளைகளிடம் சொல்வதில் சிங்கப்பூர் எந்தக் குறையும் வைக்கவில்லை. ஆனால் ஐம்பது வருடமாக வாயால் ஒன்றைச் சொல்லிக் கண்ணுக்கு வேறொன்றைக் காட்டியது. பிள்ளைகள் கண்டதைத்தான் எடுத்துக்கொண்டார்கள். 2017இன் துடைப்பம் அந்தப் பழைய பாடத்தைத் திருத்த வந்தது. பாதிதான் திருத்தியிருக்கிறது.

1968: நான்கு மொழிகளில் ஒரு மாதம்

துடைப்பத்தில் தொடங்கிய ஊர்தான் இது. 1959இல் தன்னாட்சி கிடைத்த சில மாதங்களில் பிரதமர் லீ குவான் யூ தெருவில் இறங்கித் துடைப்பத்தோடு கூட்டும் புகைப்படம் இன்றும் பாடநூல், கண்காட்சி என்று எங்காவது கண்ணில் படும். ஒன்பது வருடம் கழித்து, 1968 அக்டோபர் 1ஆம் தேதி, அதே லீ 'சிங்கப்பூரைச் சுத்தமாக வைத்திருங்கள்' இயக்கத்தைத் தொடக்கிவைத்தார். சுதந்திர நாடாகச் சிங்கப்பூர் நடத்திய முதல் தேசிய இயக்கங்களில் ஒன்று அது. சுகாதார அமைச்சர் சுவா சியான் சின் தலைமையில் குழு. ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் என நான்கு மொழிகளிலும் சுவரொட்டி. வானொலி, தொலைக்காட்சி, சினிமாக் கொட்டகை, கிராமப்புறம் செல்லும் விளம்பர வண்டி என்று ஒரு மாதம் ஊர் முழுக்க இதே பேச்சு.

அந்த இயக்கத்தில் எனக்குப் பிடித்ததும் பிடிக்காததும் ஒரே இடத்தில் இருக்கின்றன. ஆகச் சுத்தமான கடை, அலுவலகம், சந்தை, பள்ளி எவை என்று போட்டி வைத்தார்கள். அதோடு நிற்காமல் ஆக அசுத்தமானவை எவை என்றும் தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பட்டியலில் பெயர் வந்தால் மானம் போகும். அதாவது முதல் நாளிலிருந்தே பாடம் பாதி பெருமையாகவும் பாதி அவமானமாகவும்தான் வந்தது. பிள்ளைகளுக்கு இதில் தனி இடம் இருந்தது. பள்ளியில் சொன்னால் அது வீட்டுக்குப் போகும், பெரியவர்களைப் பிள்ளைகள் திருத்துவார்கள் என்பது கணக்கு. பள்ளிகளில் பேச்சு, வரைதல், மேற்பார்வை எல்லாம் நடந்தன. மறுவருடம் பிப்ரவரியில் சுற்றுப்புறப் பொதுச் சுகாதாரச் சட்டம் நடப்புக்கு வந்தது, அபராதம் நிலையானது.

ஊர் உண்மையிலேயே சுத்தமானது. ஆனால் எதனால்? சுவரொட்டியும் அபராதமும் மட்டும் அதைச் செய்யவில்லை. தெருவோரம் சமைத்து விற்றவர்களை 1986க்குள் குழாய்த்தண்ணீரும் சாக்கடையும் உள்ள உணவங்காடி நிலையங்களுக்கு மாற்றி முடித்தார்கள். நாற்றம் பிடித்துக் கிடந்த சிங்கப்பூர் ஆற்றை 1977 முதல் 1987 வரை பத்து வருடம் போராடித் தூய்மைப்படுத்தினார்கள். கம்பம் எனப்படும் கிராமக் குடியிருப்பு வீடுகளிலிருந்து மக்கள் அடுக்குமாடிக்குப் போனார்கள். குழாய், கான்கிரீட், குப்பைத்தொட்டி, அப்புறம் இரவு பகலாகக் கூட்டுவதற்கு ஆள். சுத்தம் என்பது கட்டமைப்பாக வந்தது. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அது இல்லாமல் எந்தப் பிள்ளைக்கும் எதையும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. தொட்டியே இல்லாத தெருவில் நின்றுகொண்டு "தொட்டியில் போடு" என்று பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் பள்ளிகளை நாம் பார்க்காததா?

சிக்கல் அந்தக் கடைசிப் பகுதியில் இருக்கிறது: கூட்டுவதற்கு ஆள்.

நடுவில் 1976இல் ஒரு நல்ல முயற்சி வந்தது. 'உங்கள் கைகளைப் பயன்படுத்துங்கள்' என்ற பெயரில் மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து பள்ளியைச் சுத்தம் செய்தார்கள். நாற்பது வருடம் கழித்துச் செய்யப்போவதை அப்போதே யாரோ யோசித்திருக்கிறார்கள். ஆனால் அதுவும் ஓர் 'இயக்கமாகவே' வந்தது. இயக்கத்துக்குத் தொடக்க விழா உண்டு, முடிவும் உண்டு.

மேலங்கி போட்ட பாடம்

1992 நவம்பரில் இன்னொன்று நடப்புக்கு வந்தது. குப்பை போட்டுப் பிடிபட்டவரை அபராதத்தோடு விடாமல், பொது இடத்தில் சில மணி நேரம் குப்பை பொறுக்க வைக்கும் உத்தரவு. வயது 16 ஆகியிருந்தால் போதும். பளிச்சென்று கண்ணை உறுத்தும் நிறத்தில் மேலங்கி, கையில் இடுக்கி, போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்க்கிற இடம். அடுத்த வருடம் முதல் தொகுதி ஆட்களை இறக்கியபோது செய்தியாளர்களும் வந்திருந்தார்கள். வெட்கப்பட வைப்பதுதான் நோக்கம் என்பதை யாரும் ஒளிக்கவில்லை.

தண்டனையாக அது வேலை செய்கிறதா என்பது ஒரு கேள்வி. எனக்கு முக்கியம் அந்த வழியாக அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு போகிற ஆறு வயதுப் பிள்ளை என்ன கற்கிறது என்பது. "அந்த அங்கிள் ஏன்மா குப்பை பொறுக்குறாங்க?" "தப்பு பண்ணிட்டாங்க, அதான்." முடிந்தது பாடம். குப்பை பொறுக்குவது தப்புச் செய்தவர் செய்கிற வேலை. அதே பிள்ளை தினமும் காலை பள்ளிக்குக் கிளம்பும்போது தன் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் அறுபது எழுபது வயதுத் தாத்தா ஒருவர், அல்லது பங்ளாதேஷிலிருந்து வந்த இளைஞர் ஒருவர், அதே வேலையைச் சம்பளத்துக்குச் செய்வதையும் பார்க்கிறது. அவர் என்ன தப்புச் செய்தார்? பிள்ளை கேட்காது. ஆனால் உள்ளுக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளும்.

சிங்கப்பூரில் துப்புரவுப் பணியாளர்கள் ஐம்பதாயிரத்துக்கும் மேல். பழைய புளோக்குகளில் சமையலறைச் சுவரில் உள்ள சிறு கதவைத் திறந்தால் குப்பையைக் கீழே தள்ளும் குழாய். பையைப் போட்டால் ஒரு சத்தம், அவ்வளவுதான், பிறகு அது நம்முடையது இல்லை. ஏறக்குறைய ஐந்தில் ஒரு வீட்டில் பணிப்பெண் இருக்கிறார். இப்படி வளரும் பிள்ளைக்குக் குப்பை என்பது 'போடுகிற' பொருள் மட்டுமே. 'எடுக்கிற' பாதி கண்ணுக்குத் தெரியாது. பாலர் பள்ளியில் சுற்றுப்புறப் பிரசாரச் சின்னமான பச்சைத் தவளை 'கேப்டன் கிரீன்' வந்து எந்தக் குப்பை எந்தத் தொட்டி என்று ஆடிப் பாடிச் சொல்லிக்கொடுத்தாலும், வெளியே வந்தால் உலகம் வேறு மாதிரி நடக்கிறது.

விளைவு எண்களில் தெரிந்தது. தேசியச் சுற்றுப்புற வாரியம் 2011இல் வெளியிட்ட சமூகவியல் ஆய்வில், எப்போதும் தொட்டியில்தான் போடுவோம் என்றவர்கள் ஏறத்தாழ 63 விழுக்காடு. வசதிப்பட்டால் போடுவோம் என்றவர்கள் 36 விழுக்காடு. கீழேதான் போடுவோம் என்று ஒப்புக்கொண்டவர்கள் ஒரு விழுக்காட்டை ஒட்டி. அந்த ஒரு விழுக்காட்டைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. மூன்றில் ஒருவருக்கு மேல் 'வசதிப்பட்டால்' என்கிறார்களே, அதுதான் அரை நூற்றாண்டுப் பாடத்தின் மதிப்பெண். தப்பு என்று எல்லாருக்கும் தெரியும். பக்கத்தில் தொட்டி இருந்தால் தெரிந்தபடி நடப்பார்கள்.

2015 ஜனவரியில் இரண்டு செய்திகள் அடுத்தடுத்து வந்தன. வீட்டுச் சன்னல் வழியாக 34 சிகரெட் துண்டுகளை எறிந்து கண்காணிப்புக் கேமராவில் சிக்கிய ஒருவருக்கு 19,800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம். கூடவே அந்த மேலங்கி வேலையும். அதே மாதம் கரையோரப் பூந்தோட்டத்தில் நடந்த இசை விழா முடிந்து இளைஞர் கூட்டம் கலைந்தபோது புல்வெளி தெரியாத அளவுக்குக் கோப்பையும் பொட்டலமும். பிரதமர் லீ சியன் லூங்கும் மூத்த தலைவர் கோ சோக் தோங்கும் பொதுவெளியிலேயே வருத்தப்பட்டார்கள். விழாவுக்கு வந்த இளைஞர்களில் பலர் தொண்ணூறுகளில் பள்ளி சென்றவர்களாகத்தான் இருப்பார்கள். சுவரொட்டி, அபராதம், மேலங்கி மூன்றும் உச்சத்தில் இருந்த காலத்துப் பிள்ளைகள். 2018இல் மட்டும் குப்பை போட்டதற்காக 39,000க்கு மேல் அபராதச் சீட்டுகள் கொடுக்கப்பட்டன. இது 'சுத்தமான நகரம்' அல்ல, 'சுத்தம் செய்யப்படுகிற நகரம்' என்ற பேச்சு அந்த வருடங்களில்தான் ஊரில் பரவலானது.

சொல்வதற்கும் நம்புவதற்கும் நடுவில்

இங்கே சிகாகோவில் நடந்த ஒரு பரிசோதனையைக் கொண்டுவர வேண்டும். இந்த விஷயத்தில் நான் படித்தவற்றிலேயே ஆக உருப்படியானது அதுதான். ரிச்சர்ட் மில்லர், பிலிப் பிரிக்மன், டயானா போலன் மூவரும் 1975இல் வெளியிட்டது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள். ஒரு வகுப்பிடம் ஆசிரியர் சில நாள் தொடர்ந்து "குப்பையைத் தொட்டியில் போட வேண்டும், சுத்தமாக இருக்க வேண்டும், ஏனென்றால்..." என்று விளக்கினார். இன்னொரு வகுப்பிடம் அப்படி எதுவும் சொல்லவில்லை. "நீங்கள் ரொம்பச் சுத்தமான வகுப்பு" என்று மட்டும் பேச்சுவாக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். தலைமையாசிரியர் எட்டிப் பார்த்து "இந்த வகுப்பு ஒழுங்காக இருக்கிறதே" என்றார். துப்புரவுப் பணியாளர் ஒரு குறிப்பு விட்டுப்போனார்: இந்த அறையைச் சுத்தம் செய்வது எளிதாக இருக்கிறது. மூன்றாவது வகுப்பை அப்படியே விட்டுவிட்டார்கள்.

பிறகு எல்லாருக்கும் தாள் சுற்றிய மிட்டாய் கொடுத்து, தாள் எங்கே போகிறது என்று எண்ணினார்கள். விளக்கம் கேட்ட வகுப்பில் முதலில் கொஞ்சம் முன்னேற்றம். சில நாளில் இறங்கிவிட்டது. 'நீங்கள் சுத்தமானவர்கள்' என்று கேட்ட வகுப்பில் பத்துத் தாளுக்கு எட்டு தொட்டிக்குள். சில நாள் கழித்துப் பார்த்தபோதும் அப்படியே.

நம் வீடுகளில் நடப்பதுதான் இது. "ஏன்டா இப்படிக் குப்பைக்காடா வச்சிருக்கே" என்று திட்டு வாங்கும் பிள்ளை, தான் குப்பைக்காடு என்பதைத்தான் கற்கிறது. "கூட்டணும், கூட்டணும்" என்று சொல்லச் சொல்ல, கூட்டாத ஆள் தான் என்பது உறுதியாகிறது. சிங்கப்பூரின் சுவரொட்டிகள் அரை நூற்றாண்டாக மக்களைப் பார்த்து "போடாதே" என்றன. போடுகிற ஆள் என்று முடிவு செய்துவிட்டுத்தானே ஒருவரிடம் போடாதே என்கிறோம்.

அந்தப் பரிசோதனையில் என் கண்ணில் முதலில் பட்டது பணியாளரின் குறிப்புத்தான். பிள்ளைகளுக்குப் பின்னால் கூட்ட வருகிற ஒருவர் முதல்முறையாக அவர்களோடு பேசினார்.

தமிழ் வகுப்பில் ஒரு காலை

2017க்குப் பிறகு சில காலம் ஒரு தொடக்கப்பள்ளியில் தமிழ் வகுப்புகள் எடுத்தேன். வெள்ளைப்பலகைக்குப் பக்கத்தில் கடமைப் பட்டியல் ஒட்டியிருக்கும்: கூட்ட இரண்டு பேர், பலகை துடைக்க ஒருவர், மேசை வரிசைக்கு ஒருவர், காகிதம் சேர்க்க ஒருவர், சன்னல் ஓரத்துக்கு ஒருவர். வாரம் மாறினால் பெயரும் மாறும். கைக்கு அடக்கமான துடைப்பம், நீளக் கைப்பிடி வைத்த குப்பை முறம், வாளியில் ஈரத்துணி.

தொடக்கநிலை ஒன்று, அதாவது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கூட்டுவதைப் பார்க்க வேண்டும். சுத்தம் ஆவதைவிடப் பரவுவதே அதிகம். முறத்துக்கு இரண்டு பேர் சண்டை. துடைப்பத்தைத் தள்ளுகிறார்களே தவிர இழுக்கத் தெரியாது. வீட்டில் துடைப்பத்தைத் தொட்டிருந்தால்தானே. ஆனால் ஒன்று நடக்கும். ஏழு வயதுப் பிள்ளையின் மேசைக்கு அடியில் இருக்கிற குப்பையில் பெரும்பங்கு அழிப்பான் துகள். அழித்து அழித்து ஊதிவிட்ட சாம்பல் நிறச் சுருள்கள். ஊதியதும் அது மறைந்துவிட்டதாகத்தான் பிள்ளை இதுவரை நினைத்திருக்கும். கூட்டும்போது அது அங்கேயே கிடக்கிறது, துடைப்பத்தின் நாரில் சிக்கிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது. அடுத்த வாரம் அந்தப் பிள்ளை அழித்த துகளை உள்ளங்கையால் ஒதுக்கி மேசை ஓரத்தில் குவித்து வைப்பதைப் பார்த்திருக்கிறேன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

தமிழ் வகுப்பில் இன்னொரு சிக்கல் உண்டு. வெளியே பலருக்கு இது தெரியாது. தாய்மொழிப் பாடவேளை வந்தால் தமிழ்ப் பிள்ளைகள் தங்கள் வகுப்பிலிருந்து எழுந்து வேறோர் அறைக்கு நடந்து போவார்கள். பல வகுப்புகளிலிருந்து வருகிற பிள்ளைகள் ஒன்றாகச் சேர்வார்கள். அந்த அறை வேறொரு வகுப்புடையது. மேசை யாரோ ஒருவருடையது. கடமைப் பட்டியலில் இவர்கள் பெயர் இருக்காது. தங்கள் சொந்த வகுப்பில் ஒழுங்காகக் கூட்டுகிற அதே பிள்ளைகள் இங்கே மேசைக்குள் தாளைத் திணித்துவிட்டுப் போவார்கள்.

"யாரு போட்டது இது?"

"டீச்சர், இது எங்க கிளாஸ் இல்ல, டீச்சர்."

பொய் சொல்லவில்லை பிள்ளை. அந்தப் பதிலுக்குள்ளேதான் முழு ஆய்வும் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. சொந்த வகுப்பைச் சுத்தமாக வைப்பதைப் பள்ளி சொல்லிக்கொடுத்துவிட்டது. யாருடையதும் அல்லாத இடத்தை, அல்லது எல்லாருடையதுமான இடத்தை, என்ன செய்வது என்பது பட்டியலில் இல்லை. தெரு, பூங்கா, பேருந்து நிறுத்தம், மின்தூக்கி எல்லாம் அந்த வகைதான். பிறகு ஒரு சின்ன ஏற்பாடு செய்தோம்: கிளம்பும் முன் அந்த மேசைக்காரருக்கு ஒரு துண்டுச்சீட்டில் "உன் மேசையைத் துடைத்து வைத்திருக்கிறோம்" என்று எழுதி வைப்பது. பதில் சீட்டு வர ஆரம்பித்தது. சீனத்தில் ஒன்று வந்தபோது அதைப் படித்துச் சொல்ல ஆளைத் தேடி அலைந்தார்கள்.

2020இல் கொவிட் வந்ததும் இந்த வழக்கம் வேறு காரணத்துக்காக இறுகியது. இடைவேளைக்குப் பிறகு மேசையைத் துடைப்பது, பலர் தொடும் பொருளைத் துடைப்பது எல்லாம் பள்ளிகளில் கட்டாயமானது. பயத்தால் வந்த சுத்தம். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

ஜப்பான் சொல்வதும் சொல்லாததும்

இந்தப் பேச்சில் ஜப்பான் வராமல் இருக்காது. அங்கே தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் பெரும்பாலும் மதிய உணவுக்குப் பிறகு கால் மணி நேரம் அளவுக்குச் சுத்தம் செய்கிறார்கள். பழைய துவாலையை மடித்துத் தைத்த துணியை வீட்டிலிருந்து கொண்டுவருவார்கள். நடைவழியில் வரிசையாகக் குனிந்து, இரு கையாலும் துணியை அழுத்திக்கொண்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடித் துடைப்பார்கள். பல பள்ளிகளில் ஆறாம் வகுப்புப் பிள்ளையும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் ஒரே குழுவில். துணி பிழியப் பெரியது சிறியதற்குச் சொல்லிக்கொடுக்கும். பல இடங்களில் கழிவறையும் உண்டு. உலகக் கோப்பைப் பந்தாட்டம் முடிந்ததும் ஜப்பானிய ரசிகர்கள் நீலப் பையோடு இருக்கைகளுக்கு இடையே குப்பை பொறுக்குவதை எல்லாரும் பார்த்துப் பாராட்டியாயிற்று.

பாராட்டுவதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜப்பானியப் பிள்ளைகள் பள்ளியைத் துடைப்பது பல தலைமுறைப் பழக்கம். ஆனால் 1950களின் தோக்கியோ குப்பைக்குப் பேர்போன ஊர். தெருவில் குப்பை, சுமிதா ஆற்றில் நாற்றம். 1964 ஒலிம்பிக் வருகிறது, வெளிநாட்டவர் முன்னால் மானம் போகும் என்றுதான் நகர அரசு குப்பை அள்ளும் முறையை மாற்றி, தெரு சுத்த இயக்கங்களை நடத்தியது. அதற்கு முன் அந்தத் தெருக்களில் குப்பை போட்டவர்களும் பள்ளி நடைவழியைத் துடைத்து வளர்ந்தவர்கள்தான். ஆக, பள்ளித் துடைப்பம் தானாக நடந்து தெருவுக்கு வந்துவிடாது.

இதற்குச் சிங்கப்பூரிலேயே ஓர் அத்தாட்சி இருக்கிறது. எங்கள் பள்ளிக் கேன்டீன்களில் சாப்பிட்ட தட்டையும் கிண்ணத்தையும் பிள்ளைகளே கொண்டுபோய் வைப்பது 2017க்கு ரொம்ப முந்திய பழக்கம். தேசிய சேவை எனப்படும் கட்டாய ராணுவப் பணியில் முகாமிலும் அப்படித்தான். அதே ஆட்கள் உணவங்காடி நிலையத்துக்குப் போனால் தட்டை மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்து போவார்கள். சொன்னால், "அப்புறம் கிளீனருக்கு வேலை வேண்டாமா?" என்று ஒரு நியாயம் வேறு. 2021 செப்டம்பர் 1 முதல் தட்டைத் திருப்பி வைக்காவிட்டால் முதல் முறை எச்சரிக்கை, இரண்டாம் முறை 300 வெள்ளி என்றார்கள்; மேசைகளுக்குப் பக்கத்திலேயே தட்டு வைக்கும் அலமாரிகளும் வந்தன. தட்டைத் திருப்பி வைக்கும் விகிதம் அதற்கு முந்திய மாதம் 65 விழுக்காடாக இருந்தது, 90ஐ ஒட்டி ஏறியது. ஆறு வயதிலிருந்து கைக்குத் தெரிந்த வேலை வெளியே வருவதற்கு அலமாரியும் சட்டமும் சுற்றியிருப்பவர்கள் எழுந்து போகிற காட்சியும் வேண்டியிருந்தது. பள்ளிப் பழக்கம் இல்லாமல் இந்தச் சட்டம் இத்தனை சீக்கிரம் பிடித்திருக்குமா என்பதும் சந்தேகம்தான். இரண்டும் சேர்ந்தபோது நடந்தது.

தமிழ்நாட்டு வாசகர் கேட்கும் கேள்வி

இதைத் தமிழில் எழுதும்போது ஒரு கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. பிள்ளை கையில் துடைப்பம் என்றதும் தமிழ்நாட்டில் பலருக்கு வயிற்றைப் பிசையும். காரணம் உண்டு. எந்தப் பிள்ளை கையில் என்பதை அங்கே சாதி முடிவு செய்த வரலாறு இருக்கிறது, இன்னும் முடியவில்லை. 2022இல் ஈரோடு மாவட்டத்தில் பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிவறை கழுவ வைத்த புகாரில் ஓர் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் கைதானார். சிங்கப்பூரிலும் காலனி ஆட்சியின்போது நகராட்சித் தெருக்களைக் கூட்டியவர்களில் நம் ஆட்கள் நிறைய. அந்த வேலைக்கு யார் வந்தார்கள் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். எனவே ஜப்பானைப் பார், சிங்கப்பூரைப் பார், நம் பிள்ளைகளும் கூட்டட்டும் என்று யாராவது மேடையில் பேசினால் நான் கை தட்ட மாட்டேன்.

சிங்கப்பூரின் ஏற்பாட்டில் இதற்கு உதவுகிற விஷயம் பட்டியல்தான். எல்லார் பெயரும் வரிசையாக வருகிறது. ஆசிரியர் விருப்பத்துக்கு ஆள் பிடிக்க முடியாது. நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கு விலக்கு இல்லை, சேட்டை செய்த பிள்ளைக்குக் கூடுதல் முறை இல்லை. இந்த இரண்டாவதை நான் அழுத்திச் சொல்வேன். தாமதமாக வந்தவனுக்குத் தண்டனையாக வகுப்பைக் கூட்டச் சொன்னால் அன்றைக்கே அந்த ஏற்பாடு செத்துவிடும். நான் பார்த்த வரை ஆசிரியர்கள் சறுக்குகிற இடமும் இதுவே. கையில் துடைப்பம் இருக்கிறது, எதிரே ஒரு குறும்புக்காரன் இருக்கிறான், ஆசை வராதா.

கழிவறை விலக்கு சரியா என்று கேட்டால், ஏழு வயதுக்குச் சரி என்பேன். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. வகுப்பறை நம்முடையது, கழிவறை வேறு யாரோ கழுவுவது என்ற கோட்டைப் பள்ளியே போட்டுக் கொடுக்கிறது. உயர்நிலைப்பள்ளியில் கையுறையோடும் முறையான பயிற்சியோடும், எல்லாருக்கும் முறை வைத்து, அதைத் திறந்து பார்க்கலாம். தமிழ்நாட்டுக்கு இதைச் சொல்ல மாட்டேன். அங்கே முதலில் தண்ணீரும் முழுநேரப் பணியாளரும் வேண்டும்.

பொதுச் சுகாதார மன்றம் இப்போது குறிப்பிட்ட நாள்களில் பொது இடங்களைக் கூட்டுவதை ஒரு நாள் நிறுத்திவைக்கிறது. யாரும் கூட்டாவிட்டால் ஊர் எப்படி இருக்கும் என்று ஊரே பார்க்கட்டும் என்று. பள்ளிப் பாடத்தோடு இதைக் கோக்காமல் விட்டிருக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. அன்று காலை பிள்ளைகளைத் தங்கள் புளோக்கின் கீழ்த்தளத்துக்கு அழைத்துப்போய், தினமும் கூட்டுகிறவரையே அவர்களுக்கு வழிகாட்டியாக நிறுத்தினால், அழிப்பான் துகள் செய்த வேலையை அது தெரு அளவில் செய்யும். சிகாகோவின் அந்தக் குறிப்பும் அங்கே கிடைத்துவிடும்.

அதைவிட முக்கியமாக மாற வேண்டியது ஒன்று இருக்கிறது. பிள்ளை ஏழு வயதில் துடைப்பத்தை எடுக்கிறது. பள்ளி முடிக்கும் வரை அது குடிமைப் பண்பு, குணநலக் கல்வி. பள்ளி வாசலுக்கு வெளியே, 16 வயது ஆனவருக்கு, அதே வேலை மேலங்கி போட்டுச் செய்ய வேண்டிய தண்டனை. ஒரே ஊரில் ஒரே நேரத்தில் இரண்டும் நடக்கின்றன. கல்வி அமைச்சு ஒன்றைச் சொல்லிக்கொடுக்கிறது, சட்டம் அதை அழித்து எழுதுகிறது. குப்பை போடுகிறவரை விட்டுவிடச் சொல்லவில்லை. அபராதத்தை வேண்டுமானால் ஏற்றட்டும், தொடர்ந்து செய்பவரை நீதிமன்றத்தில் நிறுத்தட்டும். தண்டனைப் பட்டியலிலிருந்து துடைப்பத்தை மட்டும் எடுத்துவிடட்டும்.